கதவோரம் உட்கார்ந்த சின்ன டீச்சர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் என் உற்றுநோக்கல் நோட்டிலிருந்து, அதாவது வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததைக் குறித்துவைக்கும் நோட்டிலிருந்து, நாலு பக்கம் வந்திருந்தது. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், மேலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போனபோது எழுதியது. ஒன்று முதல் ஐந்து வரை 41 பிள்ளைகள், இரண்டு டீச்சர், இரண்டு அறை. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில். அந்த அறையின் கதவோரப் பாய்தான் என் இடம். தலைமையாசிரியர் பெரிய டீச்சர் என்பதால் பிள்ளைகளுக்கு நான் சின்ன டீச்சர். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் குழுவினர் ஒரு கவரில் போட்டு, "நீயே பதில் எழுதிடும்மா" என்று கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் பெயரை எழுத மாட்டேன். கீழே வரும் பட்டப்பெயர்கள் நான் வைத்தவை, அவர்களுக்குத் தெரியாது.

உற்றுநோக்கல் என்றால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதானே? அதற்கு ஒரு படிப்பு, ஒரு நோட்டா?
*– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், திண்டுக்கல்*

முதல் இரண்டு நாள் வேடிக்கைதான் பார்த்தேன் சார். நோட்டில், "ஆசிரியர் பாடத்தை ஆர்வமூட்டி அறிமுகம் செய்தார். மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்" என்று எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் அதை. மூன்றாம் நாள் வகுப்பு டீச்சர் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த மாணவர்?"

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டேன். டீச்சரையும் பார்ப்பதில்லை, கரும்பலகையையும் பார்ப்பதில்லை. அன்றைய பக்கத்தில் இருப்பது இது: "10.20 பென்சில் சீவப் போனான். 10.26 வந்தான். 10.34 தண்ணீர். 10.41 வந்தான். 10.43 ஒன்றுக்கு." தண்ணிக்காரன் என்று பெயர் வைத்தேன். சேட்டை என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதே பையனைப் பார்த்தபோதுதான் கணக்கு புரிந்தது. வாசிப்பு வரிசையாக வந்துகொண்டிருக்கும். தனக்கு இரண்டு பேர் முன்னால் வரும்போது எழுந்துவிடுவான்.

வாசிக்கத் தெரியாது போல என்று டீச்சரிடம் சொன்னேன். அடுத்த நாள் அவர் வரிசையை அவன் பக்கத்திலிருந்து தொடங்கினார். பையன் வாசித்தான், நன்றாகவே வாசித்தான். ஆனால் அவனுக்கு 'ர' வரவில்லை, 'ல' என்றுதான் வருகிறது. அன்றைய பாடத்தில் 'மரம்' ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்து தடவையும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் என்று தமிழ் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்லித்தான் வரிசை மாறியது என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவனை டீச்சர் தன் நாற்காலி பக்கத்தில் நிறுத்தி, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசிக்க வைத்தார். தண்ணீர் குடிக்கப் போவது குறைந்தது. பென்சில் சீவுவது குறையவில்லை, அது வேறு வியாதி.

என் மகன் இரண்டாம் வகுப்பு. பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். நாளிதழைக் கொடுத்தால் திருதிருவென்று முழிக்கிறான். ஏன் இப்படி?
*– இல்லத்தரசி, தேனி*

அம்மா, எங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருந்தான். விரலை வரியில் ஓட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி அழகாக வாசிப்பான். என் நோட்டில் அவனுக்கு "சரளமான வாசிப்பு" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

ஒருநாள் அவன் புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. குழம்பு கொட்டியிருக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பினான், இரண்டு தாளாகத் திரும்பிவிட்டது. இவன் நிற்கவே இல்லை. வராத பக்கத்தை, வந்த பக்கத்தில் விரல் வைத்து முழுசாக வாசித்து முடித்தான்! படத்தில் மாடு நிற்கிறது, இவன் வாயில் கிளி பறக்கிறது. கதவோரம் உட்கார்ந்திருந்ததால் அவன் புத்தகம் எனக்குத் தெரிந்தது. முன்னால் நின்ற டீச்சருக்குக் கேட்டது குரல் மட்டும்தான்.

பையன் ஏமாற்றவில்லை. அக்கா வீட்டில் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. வாசிப்பு என்றால் அதுதான் என்று அவன் நினைத்திருக்கிறான். டீச்சர் திட்டவில்லை, ஒரு வேலை கொடுத்தார். திருத்திய நோட்டுகளைப் பெயர் பார்த்துக் கொடுக்கும் வேலை. முதல் நாள் பதினேழு நோட்டு கொடுக்க இருபது நிமிடம் ஆனது. "டேய் அது என்னுது", "குடுடா சீக்கிரம்" என்று ஒரே கூச்சல். பெயர்கள் எல்லாம் அவனுக்குத் தெரிந்தவை, முகமும் எதிரிலேயே இருக்கிறது. ஆனால் எழுத்தைப் பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும், மனப்பாடம் கைகொடுக்காது. மூன்றாவது வாரம் மளமளவென்று கொடுத்துவிட்டான். 'மு'-வில் தொடங்கும் இரண்டு பெயர்களை மட்டும் கடைசிவரை மாற்றி மாற்றிக் கொடுத்தான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: பாடத்தை நடுவில் நிறுத்தி, "இதில் 'கிளி' எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். பஸ் போர்டு, மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவும் ஆகும். நாளிதழ் இப்போது வேண்டாம். அதன் எழுத்து பொடி, வரியும் நீளம்.

பேரனுக்கு வீட்டில் 'மலை' எழுதிக் கொடுத்தேன். "அப்படி ஓர் எழுத்தே இல்லை பாட்டி" என்கிறான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு எழுத்து மறந்துபோனதா?
*– 68 வயது வாசகி, காரைக்குடி*

மறக்கவில்லை பாட்டி, எழுத்துதான் மாறிவிட்டது. நீங்கள் படித்த காலத்தில் 'லை'க்கு முன்னால் தனியாகக் கொம்பு போட மாட்டார்கள். 'ல'வின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி தூக்கி நிற்கும். ணை, ளை, னை மூன்றும் அப்படித்தான். ணா, றா, னாவுக்கும் துணைக்கால் கிடையாது, எழுத்தோடேயே சுழித்துவிடுவார்கள். பெரியார் 1935-லேயே தன் 'குடிஅரசு' இதழில் இவற்றைச் சீராக்கி அச்சடித்தார். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டுப் பாடப் புத்தகத்துக்கும் கொண்டுவந்தது.

எங்கள் வகுப்பிலும் ஒரு பெண் இதே 'மலை'யோடு வந்தாள். வீட்டுப்பாட நோட்டில் ஒரு பக்கம் முழுக்கத் தும்பிக்கை. நான் சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழிக்கவே ஆரம்பித்துவிட்டேன். வகுப்பு டீச்சர் கையைப் பிடித்து நிறுத்தினார். கரும்பலகையில் இரண்டு 'லை'யையும் எழுதி, "இது பாட்டி லை, இது நம்ம லை" என்றார். அதிலிருந்து ஒரு வாரத்துக்குப் பாட்டி லை எழுதுவது வகுப்பில் ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. நிறுத்தப் பெரும்பாடு. உங்கள் பேரனிடம் இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். உங்கள் எழுத்து தப்பில்லை, பரீட்சையில் மட்டும் அவன் எழுத்து.

போன இதழில் 'முட்டைக் கணக்குக்காரி' என்று ஒரே வரியில் எழுதி விட்டுவிட்டீர்களே. யார் அவள்?
*– ஒரு தந்தை, கோயம்புத்தூர்*

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, ஏழு கடிதம். மூன்றாம் வகுப்புப் பெண். தினமும் காலையில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சத்துணவு ஆயாவிடம் போய்ச் சொல்வது அவள் பொறுப்பு. இரண்டு அறையிலும் எட்டிப் பார்ப்பாள், விரலை மடக்குவாள், ஓடுவாள். ஒருநாள் பின்னாலேயே போனேன். "ஆறு பேர் வரல. முப்பத்தஞ்சு. அதுல மூணு பேருக்கு வாழப்பழம். முட்ட முப்பத்திரண்டு." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். அதில் கணக்கு தப்பினால் சாப்பாட்டு வரிசையில் சண்டை வரும், அதனால் அவள் தப்ப மாட்டாள்.

அதே நாள் பிற்பகல் கழித்தல் கணக்கு. வேண்டுமென்றே 41-லிருந்து 6 என்று கரும்பலகையில் எழுதி அவளைக் கூப்பிட்டேன். வந்தாள், சாக்பீஸை வாங்கினாள், 45 என்று எழுதிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பத்தொன்றில் ஆறு போனால் நாற்பத்தைந்து! காலையில் முப்பத்தைந்து சொன்ன அதே வாய். எப்படி வந்தது என்று கேட்டேன். "ஒண்ணுல ஆறு போகாது டீச்சர். அதனால ஆறுல ஒண்ண கழிச்சேன், அஞ்சு. நாலு அப்படியே." மூன்றாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். இன்னும் நாலு பேர் இதே மாதிரி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருந்தார்கள். கவனக்குறைவு என்றே அதுவரை எழுதிவந்திருக்கிறேன். கவனமாகத்தான் தப்பு செய்திருக்கிறார்கள்.

சரி, காலையில் முப்பத்தைந்து எப்படி வந்தது? அதையும் கேட்டேன். என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். "வராத ஆறு பேருல ஒருத்தர் போனா நாப்பது. இன்னும் அஞ்சு பேரு. முப்பத்தஞ்சு." கரும்பலகைக் கணக்கும் இதுவும் ஒன்று என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. அது எழுதுற கணக்கு, இது முட்டைக் கணக்கு.

மறுநாள் ஈர்க்குச்சி கொண்டுபோனேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டு, தனியாக ஒரு குச்சி. "இதுல ஆறு குடு" என்றேன். தனிக் குச்சியைக் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். ஒரு கட்டின் ரப்பர் பேண்ட்டை உருவிக் கையில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து ஐந்து எண்ணிக் கொடுத்தாள். மிச்சம் மூன்று கட்டும் ஐந்து குச்சியும். அதையே இப்போது கரும்பலகையில் எழுது என்றேன். சாக்பீஸோடு நின்றவள் கேட்டாள்: "டீச்சர், இந்த ரப்பர் பேண்ட்ட எங்க எழுதுறது?"

கடன் வாங்கிக் கழித்தல் என்று நாம் படித்ததைப் புத்தகத்தில் இப்போது இனமாற்றம் என்கிறார்கள். இரண்டு பெயரும் அவளுக்கு உதவவில்லை. நாலை அடித்துவிட்டு மேலே மூன்று என்று எழுதுகிறோமே, அதுதான் உருவிய ரப்பர் பேண்ட் என்று சொன்னேன். அதிலிருந்து எங்கள் வகுப்பில் யாரும் கடன் வாங்குவதில்லை, "ரப்பர் பேண்ட்ட உருவு" என்றுதான் சொல்வார்கள். அவள் நான் கிளம்பும்வரை பத்துக்கு எட்டு சரியாகப் போட்டாள். அவசரம் வந்தால் பழைய 45 திரும்பிவிடும்.

எங்கள் காலத்தில் பிரம்பு இருந்தது, வகுப்பு அமைதியாக இருந்தது. இப்போது அடிக்கக் கூடாது என்றால் எப்படி அடக்குவது?
*– முன்னாள் ராணுவ வீரர், வேலூர்*

ஐயா, கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நான் அடிக்கவில்லை. அடிக்காமலே என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

இரண்டாவது வாரம், டீச்சர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்று வகுப்பும் என் கையில். சத்தம் தாங்கவில்லை. "எல்லாரும் வாயில விரல் வைங்க" என்று கத்தினேன். வைத்தார்கள். பத்து நிமிடம் அப்படியொரு அமைதி, எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் முதல் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டான். வாயில் விரல் இருக்கும்போது ஒன்றுக்குப் போகணும் என்று எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. விரலை எடுக்காமலே அழுதான்.

அவனுக்குத் துணி மாற்றிவிட்டதும் பாயை அலசிப் போட்டதும் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவன் அக்காதான். நான் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், அவ்வளவுதான். நோட்டில் அன்றைக்குத் தேதி மட்டும் இருக்கிறது.

அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறார்களாமே, அவர்களுக்கு அது தெரியுமா?
*– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

தெரியாமல் என்ன? 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்ப்பதைவிடப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து மூன்று குழுவாக உட்கார வைக்கிறார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததில் விட்டுப்போனதைப் பிடிக்க வந்த திட்டம். மூன்று வகுப்பு ஓர் அறையில் இருக்கிற எங்கள் மாதிரிப் பள்ளிக்கு இது வசதிதான். எழுத்து தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பாடத்தை வெறித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஆனால் பூப்பெயர் வைத்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அரும்பில் இருந்த ஒரு பையனிடம், "நீ எதுல இருக்க?" என்று கேட்டேன். "மூணாப்பு" என்றான். இல்லடா, எந்தக் குழு? "மூணாப்பு டீச்சர்" என்றான் மறுபடியும், சத்தமாக.

காலை உணவு வந்த பிறகு வகுப்பில் வித்தியாசம் தெரிகிறதா?
*– சுய உதவிக் குழு உறுப்பினர், விருதுநகர்*

முன்பு எப்படி என்று நான் பார்த்ததில்லை. 2023 ஆகஸ்டில் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகுதான் நான் போனேன். முன்பெல்லாம் பத்தரை மணிக்கு "வயிறு வலிக்குது டீச்சர்" என்று நாலு பேராவது வருவார்கள் என்றார் வகுப்பு டீச்சர். நான் இருந்தபோது பத்தரைக்குச் சத்தம் போட்ட ஒரே வயிறு என்னுடையது. முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சாப்பிடாமல் வருகிறவள் நான். சேமியா கிச்சடி வாசனை கதவோரம்தான் முதலில் வரும்.

கற்பித்தல் துணைக்கருவிகளுக்கு நிறையச் செலவு செய்தீர்களா?
*– பயிற்சி ஆசிரியர், சேலம்*

தெர்மாகோலில் ஒரு கடிகாரம் செய்தேன், மினுமினுப்புத் தாள் எல்லாம் ஒட்டி. மணி பார்க்க யாரும் கற்கவில்லை. முள்ளைச் சுற்றுவதற்கு வரிசையில் நின்றார்கள், மூன்றாவது ஆள் கையில் முள் வந்துவிட்டது. ஈர்க்குச்சிக்குச் செலவு, ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட்.

பி.எட். முடித்திருக்கிறேன். நானும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாமா?
*– வாசகர், கடலூர்*

முடியாது அண்ணா. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க எங்கள் பட்டயப் படிப்பு போன்ற தொடக்கக் கல்விப் பயிற்சி வேண்டும். அது முடித்த எங்களுக்கும் தகுதித் தேர்வு முதல் தாள், 150 கேள்வி, அதைத் தாண்டி நியமனத் தேர்வு என்று வரிசை நீளமாகத்தான் இருக்கிறது. பொறாமைப்படாதீர்கள்.

அந்த நோட்டுக்கு எத்தனை மார்க் போட்டார்கள்?
*– எட்டாம் வகுப்பு மாணவி, மேலூர்*

மார்க் அப்புறம் பாப்பா. முதல் தடவை கொடுத்தபோது திறந்தே பார்க்கவில்லை. "அட்டை போட்டு, லேபிள் ஒட்டிக் கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது பயிற்சியின் கடைசி வாரம். மறுநாள் பழுப்புத் தாள் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போய், மதிய இடைவேளையில் மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தேன். முட்டைக் கணக்குக்காரி வந்து பார்த்தாள். "குடுங்க டீச்சர்" என்று வாங்கி, பாயில் வைத்து, ஓரத்தை நகத்தால் கீறிக் கீறி மடித்தாள். அவளைப் பற்றியே ஆறு பக்கம் இருந்தது அதில். உள்ளே புரட்டிவிடுவாளோ என்று நான் எழுந்து போகவே இல்லை, பக்கத்திலேயே நின்றேன்.

லேபிளில் என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். அடுத்த கோட்டில் பென்சிலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வகுப்பு என்ன டீச்சர் போட?"

"மூணுன்னே போடு" என்றேன். போட்டாள்.